கொங்கு நாடு தந்த தொழில் மேதை ஜி. டி. நாயுடு

(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

மண்ணில் பிறந்தோர் எல்லாரும் ஒரு நாள் மறைகின்றனர். அவருள் சிலர் பொருள் சேர்த்துத் தம் பிள்ளைகளுக்கு வைத்துவிட்டுச் செல்கின்றனர். மிகச் சிலரே தாம் அறிந்ததையும் தாம் ஈட்டியதையும் ஊருக்கு வைத்துவிட்டுச் செல்கின்றனர். அந்த மிகச் சிலருள் ஒருவர், கோவை தந்த தொழில் மேதை ஜி. டி. நாயுடு.

நம் தீர்த்தமலைக்கும் கோயம்புத்தூருக்கும் நெடுந்தூரம் உண்டு. ஆயினும் நம் வீடுகளில் கோவையின் பெயர் அடிக்கடி ஒலிக்கிறது. வானம் பொய்த்த ஆண்டுகளில் நம் ஊர்ப் பக்கத்தார் பலர் வேலை தேடிச் செல்லும் ஊர்களுள் கோவையும் ஒன்று, திருப்பூரும் ஒன்று. நம் கிணறுகளில் ஓடும் பம்புசெட்டுகள் பலவற்றில் பொறித்திருக்கும் ஊர்ப் பெயரும் கோவையே. ஒரு காலத்தில் பருத்திக் காடாக இருந்த அந்த ஊர் எந்திரங்களின் ஊராக மாறியது எப்படி? அதற்குக் காரணமானவர் பலர். அவர்களுள் முன்வரிசையில் நிற்கும் ஒருவரின் வாழ்க்கையை இக்கட்டுரையில் காண்போம்.

பிறப்பும் பிள்ளைப் பருவமும்

கோயம்புத்தூர் மாவட்டத்தில் சூலூருக்கு அருகில் கலங்கல் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே உழவுக் குடும்பம் ஒன்றில் 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் நம் தலைவர் பிறந்தார். தந்தையார் பெயர் கோபால்சாமி நாயுடு. பிள்ளைக்கு இட்ட பெயர் துரைசாமி. தந்தை பெயரின் முதலெழுத்தும் தம் பெயரின் முதலெழுத்தும் சேர்ந்து, பின்னாளில் ஜி. டி. நாயுடு என்றே அவர் எங்கும் அறியப்பட்டார்.

சிறு வயதிலேயே தாயை இழந்தார். தாயில்லாப் பிள்ளை உறவினர் வீட்டில் வளர்ந்தது. பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆசிரியர் கண்களில் மணலை வாரி வீசிவிட்டு ஓடிய குறும்புக்காரர் என்று அவரைப் பற்றி இன்றும் கதை சொல்வர். எப்படியாயினும், தொடக்கப் பள்ளியின் மூன்றாம் வகுப்போடு அவர் படிப்பு நின்றுபோனது. வயல் வேலைக்கு அனுப்பினார்கள். காட்டிலும் தோட்டத்திலும் உழைத்துக்கொண்டே, கைக்குக் கிடைத்த தமிழ் நூல்களை எல்லாம் தாமாகவே படித்தார். பள்ளியை வெறுத்த பிள்ளை புத்தகத்தை வெறுக்கவில்லை என்பதை நாம் இங்கே கவனிக்க வேண்டும்.

மோட்டார் சைக்கிள் செய்த மாயம்

ஒரு நாள் அவ்வூர்ப் பக்கமாக வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடு இழுக்காமல், ஆள் மிதிக்காமல், தானே ஓடும் வண்டியை அன்றுதான் துரைசாமி கண்டார். மற்றவர்கள் வேடிக்கை பார்த்துவிட்டு வீடு திரும்பினர். துரைசாமிக்கோ உறக்கம் வரவில்லை. அந்த வண்டி எப்படி ஓடுகிறது என்ற ஒரே கேள்வி மனத்தைக் குடைந்தது.

அந்தக் கேள்விக்கு விடை வேண்டுமானால் வண்டி வேண்டும். வண்டி வேண்டுமானால் பணம் வேண்டும். கோவைக்கு நடந்து சென்று ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். இலை போட்டும், நீர் வைத்தும், ஏவிய வேலை எல்லாம் செய்தும் காசு காசாகச் சேர்த்தார். சில ஆண்டுகள் கழித்து, சில நூறு ரூபாய் கொடுத்து அத்தகைய வண்டி ஒன்றை வாங்கினார்.

புதிதாக வண்டி வாங்கியவர்கள் அதில் ஏறி ஊரைச் சுற்றுவது வழக்கம். இவரோ வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றித் தரையில் பரப்பினார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துப் பூட்டினார். மீண்டும் கழற்றினார், மீண்டும் பூட்டினார். எந்தத் திருகு எதைத் தாங்குகிறது, எந்தச் சக்கரம் எதைச் சுழற்றுகிறது என்பது அவர் விரல்களுக்கே தெரிந்துவிட்டது. அவருக்கு அந்த மோட்டார் சைக்கிளே பாடநூல்; அதைக் கழற்றிய திண்ணையே ஆய்வுக்கூடம்.

பஞ்சு வணிகமும் பட்ட அடியும்

அடுத்து அவர் பஞ்சு வணிகத்தில் இறங்கினார். திருப்பூரில் பருத்தி அரைக்கும் தொழில் செய்து நல்ல பணம் பார்த்தார். முதல் உலகப் போர் நடந்த காலம் அது. பஞ்சுக்கு விலை ஏறியிருந்தது. ஆசை பெருகி, பம்பாய்க்குச் சென்று பெரும் பஞ்சு வணிகர்களோடு போட்டியிட்டார். அங்கே சேர்த்த பணம் எல்லாம் கரைந்தது. வெறுங்கையோடு ஊர் திரும்பினார்.

விழுந்தவர் எல்லாரும் எழுவதில்லை. விழுந்த இடத்தில் கிடப்பவரும் உண்டு; விதியை நொந்து காலம் கழிப்பவரும் உண்டு. துரைசாமி தமக்கு எது வரும், எது வராது என்பதை அந்தத் தோல்வியில் கற்றுக்கொண்டார். விலை ஏறும், இறங்கும். அது அவர் கையில் இல்லை. எந்திரமோ அவர் கைக்கு அடங்கியது. ஆகவே மீண்டும் எந்திரத்தின் பக்கமே திரும்பினார்.

ஒரு பேருந்திலிருந்து

அக்காலக் கோவையில் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயர் வாழ்ந்துவந்தார். 1862ஆம் ஆண்டிலேயே அவ்வூரில் பள்ளிக்கூடம் ஒன்றைத் தொடங்கியவர். கோவையின் முதல் நூற்பாலை எழக் காரணமானவர். படிப்பில்லாத இந்த இளைஞரின் கைத்திறனை அவர் அறிந்துகொண்டார். கடன் கொடுத்துத் தூக்கிவிட்டார். ஆங்கிலம் பேசவும் அவரிடமே இவர் பழகினார் என்பர். ஒருவரிடம் உள்ள திறமையை இன்னொருவர் கண்டு கைகொடுப்பது எத்துணைப் பெரிய அறம்! பிற்காலத்தில் நாயுடு பலருக்குக் கைகொடுத்ததற்கு வித்து இங்கேதான் விழுந்தது என்று நாம் எண்ணுகிறோம்.

1920ஆம் ஆண்டில் ஒரே ஒரு பேருந்தோடு தம் தொழிலைத் தொடங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அது ஓடியது. முதலாளியும் அவரே, ஓட்டுநரும் அவரே. நாளடைவில் பேருந்துகள் பெருகின. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் அந்த நிறுவனத்தை மக்கள் யு. எம். எஸ். என்று சுருக்கி அழைத்தனர். 1930களில் இருநூற்றுக்கும் மேற்பட்ட பேருந்துகள் அதன் பெயரில் ஓடின.

எண்ணிக்கையை விட ஒழுங்கே அதன் பெருமை. அக்காலத்தில் பல ஊர்களில் பேருந்து என்றால் ஆள் நிரம்பிய பின்தான் புறப்படும். நாயுடுவின் பேருந்தோ மணி அடித்தாற்போலப் புறப்படும். பேருந்து நிலையங்களில் புறப்படும் நேரத்தைக் காட்டும் கருவிகளை அமைத்தார். பயணச்சீட்டு வழங்க எந்திரம் வைத்தார். பயணிகள் வெயிலிலும் மழையிலும் நிற்காமல் இருக்கத் தங்குமிடம் கட்டினார். வண்டி பழுதுபட்டு வழியில் நிற்காதபடி தொழிற்கூடத்திலேயே சோதித்து அனுப்பினார்.

தீர்த்தமலையிலிருந்து அரூருக்குச் செல்லும் பேருந்தை நம்பியே பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் சந்தைக்கும் போகும் நமக்கு இதன் அருமை நன்றாகத் தெரியும். ஒரு பேருந்து நேரத்துக்கு வந்தால் ஒரு மாணவி முதல் பாடவேளைக்கு வகுப்பில் இருப்பாள். வராவிட்டால் ஒரு நோயாளி கவலையோடு சாலையோரம் உட்கார்ந்திருப்பார். நேரம் தவறாமை என்பது பயணம் செய்யும் ஏழைக்குக் காட்டும் மரியாதை. அதை நாயுடு அறிந்திருந்தார்.

கிணற்றுக்கு வந்த மோட்டார்

நம் தாத்தாக்கள் காலத்தில் கிணற்று நீரை மேலே கொண்டுவரக் கவலையும் ஏற்றமுமே துணை. விடியுமுன் மாடுகளைப் பூட்டி, சரிவில் இறங்கியும் பின்னே ஏறியும், தோல் சாலில் நீர் இறைப்பர். அரை ஏக்கர் நனைவதற்குள் மாடும் களைக்கும், மனிதனும் களைப்பான்.

1932ஆம் ஆண்டில் நீலகிரி மலையில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. கோவைக்கு மின்சாரம் வந்தது. மின்சாரம் வந்தாலும் அதைப் பயன்படுத்தும் மோட்டார்கள் கடல் கடந்தே வரவேண்டியிருந்தன. விலையும் கூடுதல், பழுது வந்தால் பார்க்க ஆளும் இல்லை. இந்நிலையில் 1937ஆம் ஆண்டில், கோவை பீளமேட்டில் நாயுடு நிறுவிய தொழிற்சாலையில் மின்மோட்டார் ஒன்று உருவாகி வெளிவந்தது. இந்தியாவிலேயே உருவான முதல் மின்மோட்டார் என்று அதனைப் போற்றுவர். அதனை வடிவமைத்து உருவாக்கியவர் டி. பாலசுந்தரம் நாயுடு. பின்னர் டெக்ஸ்டூல் என்னும் புகழ்பெற்ற நிறுவனத்தைத் தோற்றுவித்தவரும் அவரே. பிறர் அறிவுக்கு இடம் கொடுத்து, அவர் கைக்குக் கருவி கொடுத்து, ஆக்க வேலையைச் செய்ய வைப்பதும் ஒரு தலைவனின் திறமையன்றோ!

மோட்டார் எப்படிச் சுழல்கிறது என்பதை நாம் அறிவியல் பாடத்தில் படிக்கிறோம். காந்தப் புலத்தில் உள்ள கம்பிச் சுருளில் மின்னோட்டம் பாயும்போது அதன் மீது விசை செயற்படுகிறது. அவ்விசை அதனைச் சுழற்றுகிறது. அந்தச் சுழற்சியைப் பம்பின் உள்ளே இருக்கும் சக்கரத்தோடு இணைத்தால், சக்கரம் நீரை வெளிப்புறமாக வீசித் தள்ளும். நடுவே அழுத்தம் குறையும். குறைந்த இடத்தை நிரப்பக் கிணற்று நீர் குழாய் வழியே ஏறி வரும். பாடநூலில் இது அரைப் பக்கச் செய்தி. வயலிலோ, விடியற்காலை மாடு பூட்டும் துன்பத்தை நீக்கிய செய்தி. இன்று மோட்டாரும் பம்பும் செய்யும் தொழிலில் கோவை நாடறிந்த ஊராக விளங்குகிறது.

வியக்க வைத்த கண்டுபிடிப்புகள்

நாயுடுவின் மனம் ஓரிடத்தில் நின்றதில்லை. 1930களில் ஐரோப்பாவுக்குச் சென்றார். ஜெர்மானியத் தொழிற்சாலைகளைச் சுற்றிப் பார்த்தார். உலர் மின்கலத்தால் இயங்கும் சிறு மோட்டார் பொருத்திய முகச் சவரக் கருவி ஒன்றை உருவாக்கினார். ரேசண்ட் என்ற பெயரில் அது ஜெர்மனியில் தயாராகி விற்பனைக்கு வந்தது. மிக மெல்லிய சவர அலகுகள், பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் இயங்கும் விசிறி, படக்கருவியில் தொலைவைச் சரிசெய்யும் உறுப்பு, வாக்குகளை மோசடிக்கு இடமில்லாமல் பதிவு செய்யும் எந்திரம் என்று அவர் செய்தவை பல.

புகைப்படம் எடுப்பதிலும் அவருக்குப் பேரார்வம் இருந்தது. 1936ஆம் ஆண்டு சனவரியில் இலண்டன் மாநகரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலம் நடந்தபோது, அதனைத் தாமே படச்சுருளில் பதிவு செய்தார். காந்தியடிகளையும் நேருவையும் சுபாஷ் சந்திர போசையும் அவருடைய படக்கருவி கண்டிருக்கிறது.

உழவர் வீட்டில் பிறந்தவர் உழவை மறப்பாரா? போத்தனூரில் பண்ணை அமைத்துப் பருத்தி, பப்பாளி முதலிய பயிர்களில் ஆய்வுகள் செய்தார். ஆளுயரத்துக்கும் மேலே வளர்ந்த பருத்திச் செடிகளைக் கண்டவர்கள் வியந்தனர். நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. ராமனும், பொறியியல் மேதை விசுவேசுவரய்யாவும் அப்பண்ணைக்கு வந்து பார்த்துள்ளனர். மூன்றாம் வகுப்போடு நின்றவரின் தோட்டத்துக்கு உலகம் போற்றும் விஞ்ஞானி வந்தார் என்றால் அதைவிட வேறு சிறப்பு என்ன வேண்டும்!

கிடைக்காத உரிமம்

வெற்றி மட்டுமே அவர் வாழ்வில் இருந்ததென்று எழுதினால் அது முழு வாழ்க்கை ஆகாது. 1930களில் சட்டசபைத் தேர்தலில் நின்று தோற்றார். 1941ஆம் ஆண்டில், ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குத் தம்மால் இந்தியாவிலேயே செய்து தர முடியும் என்று அறிவித்தார். 1952ஆம் ஆண்டில் இருவர் அமரும் பெட்ரோல் கார் ஒன்றை 2,000 ரூபாய் விலையில் வெளிக்கொணர்ந்தார். நடுத்தரக் குடும்பமும் கார் வாங்கலாம் என்ற கனவு அது. ஆனால் அரசின் உரிமம் கிடைக்கவில்லை. அந்தக் கார் தெருவுக்கு வராமலே நின்றுவிட்டது.

அக்காலத்தில் எதைச் செய்யவும் உரிமம் வேண்டும். எத்தனை செய்யலாம் என்பதற்கும் உரிமம் வேண்டும். புதிய நாட்டில் இரும்பும் அந்நியச் செலாவணியும் குறைவாக இருந்ததால் அரசு அவ்வாறு கட்டுப்படுத்தியது. வரியும் மிகுதியாக இருந்தது. இவற்றால் மனம் கசந்த நாயுடு, 1950களில் தாம் செய்த பொருள்களையே மக்கள் முன்னிலையில் உடைத்துத் தம் எதிர்ப்பைக் காட்டினார். எங்கள் வகுப்பில் இதைப் பற்றிப் பேசியபோது இரண்டு கருத்துகள் எழுந்தன. செய்தவருக்கு உடைக்கவும் உரிமை உண்டு என்றனர் சிலர். இல்லாதவர் வீட்டில் ஒரு வானொலி பாடியிருக்குமே என்றனர் சிலர். எங்களுக்கு இரண்டாவது கருத்தே சரியாகப் படுகிறது. மேதைகளும் மனிதர்களே. அவர்களைப் போற்றும்போதே, அவர்கள் கோபத்தில் செய்தது எது, அன்பில் செய்தது எது என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஈட்டியது ஊருக்கே

தொழிலில் உச்சியில் இருக்கும்போது விலகுவது எளிதன்று. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மனம் இழுக்கும். 1944ஆம் ஆண்டில் நாயுடு தம் மோட்டார்த் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து விலகினார். அப்போது அவருக்கு வயது 51. ஆராய்ச்சி மாணவர்களுக்கு உதவித் தொகை, தம் தொழிலாளர்களுக்கு நலத் திட்டங்கள், தாழ்த்தப்பட்ட மக்களுக்கு உதவி என்று பல கொடைகளை அறிவித்தார்.

கொடை பலவகை. பசித்தவருக்குச் சோறிடுவது ஒரு கொடை. அது இன்றைய பசியை ஆற்றும். தொழில் கற்றுக்கொடுப்பது இன்னொரு கொடை. அது நாளைய பசியையும் வராமல் தடுக்கும். உணவு விடுதியில் பரிமாறிப் பிழைத்த நாயுடு இரண்டையும் அறிந்தவர். ஆயினும் கைத்தொழிற் கல்விக்கே தம் செல்வத்தின் பெரும் பங்கைத் திருப்பினார்.

கல்லூரியும் கருத்து வேறுபாடும்

அவருடைய நன்கொடையாலும் முயற்சியாலும் கோவையில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் எழுந்தன. அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஆர்தர் ஹோப் பெயர் அவற்றுக்குச் சூட்டப்பட்டது. பணம் கொடுத்தவர் தம் பெயரைச் சூட்டிக்கொள்ளவில்லை. 1945ஆம் ஆண்டில் தொடங்கிய அந்தக் கல்லூரியே இன்று கோவையில் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என்ற பெயரோடு விளங்குகிறது. ஆண்டுதோறும் பொறியாளர்களை நாட்டுக்கு அளித்துவருகிறது.

அக்கல்லூரியின் முதல்வர் பொறுப்பையும் நாயுடுவே ஏற்றார். மூன்றாம் வகுப்போடு நின்றவர் பொறியியல் கல்லூரிக்கு முதல்வர்! ஆனால் அந்தப் பொறுப்பு நீடிக்கவில்லை. பொறியியல் படிப்புக்கு நான்கு ஆண்டுகள் வேண்டாம், இரண்டே ஆண்டுகள் போதும் என்பது அவர் எண்ணம். பட்டறையில் நின்று கற்றால் காலம் மிச்சமாகும், ஏழைப் பெற்றோரின் செலவும் மிச்சமாகும் என்பது அவர் கணக்கு. ஆங்கில அரசு அதை ஏற்கவில்லை. நாயுடு பதவியை விட்டு விலகினார். பதவி போனது, கல்லூரி நின்றது.

இங்கே யார் சொன்னது சரி? பாலம் கட்டுவதற்கும் அணை கட்டுவதற்கும் ஆழ்ந்த கணிதமும் இயற்பியலும் வேண்டும். அவற்றை அவசரமாகக் கற்க முடியாது. ஆனால் கணிதம் மட்டும் கற்று, ஒரு திருகைக்கூடத் தொட்டறியாமல் பட்டம் வாங்குவதும் பயனற்றதே. நாயுடு ஆண்டுகளைக் குறைக்கச் சொன்னதில் நமக்கு முழு உடன்பாடு இல்லை. கையால் செய்து கற்க வேண்டும் என்று அவர் சொன்னதில் நமக்குப் பெரும் பாடம் உள்ளது. நம் ஆய்வுக்கூடத்தில் ஒரு சுற்றை நாமே இணைத்து விளக்கை எரியச் செய்த பின் அந்தப் பாடம் மறக்கவே மறக்காது. இது நாம் அனைவரும் கண்ட உண்மை.

படிக்காமல் உயரலாமா?

நாயுடுவின் வரலாற்றைக் கேட்டவுடன் தோழியர் சிலர் கேட்பதுண்டு: மூன்றாம் வகுப்பு படித்தவர் இவ்வளவு உயர்ந்தார் என்றால் நாம் ஏன் தேர்வுக்காக இரவெல்லாம் கண் விழிக்க வேண்டும்?

கேள்வி நல்ல கேள்விதான். விடையை அவர் வாழ்க்கையிலேயே தேடுவோம். படிப்பு வேண்டாம் என்று அவர் நினைத்திருந்தால், ஓய்வுக் காலத்தில் வீடு வீடாகக் கட்டி வாடகைக்கு விட்டிருப்பார். அவரோ கல்லூரி எழச் செய்தார். ஆராய்ச்சி மாணவர்களுக்குப் பொருள் கொடுத்தார். தமக்குக் கிடைக்காதது எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தாம் திண்ணையில் தட்டுத் தடுமாறிக் கற்றதைப் பிறர் பிள்ளைகள் ஆசிரியரின் துணையோடு நேராகக் கற்க வேண்டும் என்று விரும்பினார்.

மேலும் ஒன்று. அவர் பள்ளியை விட்டாரே அன்றி, கற்பதை விடவில்லை. பள்ளிக்கு வந்தும் கற்காமல் இருப்பவருக்கும், பள்ளிக்குப் போகாமலே கற்றுக்கொண்டே இருந்தவருக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. அவருக்குப் பள்ளி இல்லை, ஆர்வம் இருந்தது. நமக்குப் பள்ளி இருக்கிறது. ஆர்வமும் சேர்ந்தால் நாம் அடைய முடியாதது எது?

பெண்களாகிய நாம்

நாயுடு வாழ்ந்த நாளில் பட்டறைகளில் பெண்களைக் காண்பது அரிது. எந்திரம் ஆண்களுடையது, அடுப்படி பெண்களுடையது என்று ஊரே நம்பிய காலம். இன்று அவர் நன்கொடையால் எழுந்த அதே கல்லூரியில் மாணவியரும் படிக்கின்றனர். மின்னியலும் எந்திரவியலும் கணிப்பொறியியலும் பயில்கின்றனர்.

ஆயினும் நம் பக்கத்து ஊர்களின் நிலையை நாம் மறைக்கக் கூடாது. பத்தாம் வகுப்பு முடிந்தவுடன் படிப்பு நின்றுபோகும் பெண்கள் இன்னும் இருக்கின்றனர். சிலருக்குத் திருமணப் பேச்சு தொடங்கிவிடுகிறது. சிலர் ஆலை வேலைக்கு அனுப்பப்படுகின்றனர். பெற்றோர் பிள்ளைகள் மேல் அன்பில்லாமல் அப்படிச் செய்வதில்லை. கையில் காசில்லை, கல்லூரி தூரம், அனுப்பினால் என்ன ஆகுமோ என்ற அச்சம். இவைதான் காரணங்கள்.

பெற்றோர்களே! பத்தாம் வகுப்போடு வழி முடிந்துவிடுவதில்லை. மேல்நிலை வகுப்பு ஒரு வழி. மூன்றாண்டுப் பாலிடெக்னிக் பட்டயப் படிப்பு ஒரு வழி. தொழிற்பயிற்சி நிலையம் இன்னொரு வழி. நம் தருமபுரி அருகே செட்டிக்கரையில் 2013ஆம் ஆண்டிலிருந்து அரசு பொறியியல் கல்லூரியே நடக்கிறது. வீட்டில் மோட்டார் பழுதானால் அரூரிலிருந்து ஆள் வரும்வரை காத்திருக்கிறோம். அந்த மோட்டாரைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவள் உங்கள் மகளாகவே இருக்கக் கூடாதா? சம்பளத்துக்காக மட்டும் இதை நாம் கேட்கவில்லை. ஒரு தொழிலை முழுமையாக அறிந்தவள் யாருக்கும் அஞ்சாமல் வாழ்வாள் என்பதற்காகவும் கேட்கிறோம்.

மறைவும் மறையாப் புகழும்

1974ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் ஜி. டி. நாயுடு தம் 80ஆம் வயதில் மறைந்தார். கோவை அவிநாசி சாலையில் அவர் சேர்த்த கருவிகளும் அவர் செய்த பொருள்களும் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளன. 2015ஆம் ஆண்டில் பழைய கார்களின் காட்சியகமும் அங்கே திறக்கப்பட்டது. அதே அவிநாசி சாலையில் 10 கிலோமீட்டர் நீளத்துக்குக் கட்டப்பட்ட மேம்பாலம் 2025ஆம் ஆண்டு அக்டோபரில் திறக்கப்பட்டபோது, அதற்கு ஜி. டி. நாயுடு மேம்பாலம் என்று தமிழக அரசு பெயர் சூட்டியது. தாம் கட்டிய கல்லூரிக்குத் தம் பெயரை வைத்துக்கொள்ளாதவருக்கு, ஊர் தானே முன்வந்து பெயர் வைத்தது. பேருந்தைப் புறப்பட வேண்டிய நேரத்தில் புறப்படச் செய்தவரின் பெயரைச் சாலை ஒன்று தாங்கி நிற்பது பொருத்தமே.

முடிவுரை

நம் தீர்த்தமலையின் உச்சியில் பாறை இடுக்கிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருப்பதை நாம் அனைவரும் அறிவோம். அந்தப் பாறை நீரைத் தனக்கென்று தேக்கி வைப்பதில்லை. வருவோர் யாராயினும் கை நீட்டினால் கொடுக்கிறது. செல்வமும் அறிவும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

நாயுடுவைப் போல் நூறு பேருந்துகள் விடவோ, கல்லூரி கட்டவோ நம்மால் இயலாமல் போகலாம். ஆனால் நாம் கற்ற கணக்கை நம் தெருவில் உள்ள ஒரு சிறுமிக்குச் சொல்லிக்கொடுக்க இயலும். எழுதத் தெரியாத ஒரு பாட்டிக்கு வங்கித் தாளை நிரப்பிக் கொடுக்க இயலும். நின்றுவிட்ட ஒரு தோழியின் வீட்டுக்குச் சென்று, மீண்டும் பள்ளிக்கு வா என்று அழைக்க இயலும். இந்த ஆண்டு பத்தாம் வகுப்பு முடிக்கும் நாம், ஒருவர் விடாமல் மேலே படிப்போம் என்றும், படித்ததை ஊருக்குப் பயன்படுத்துவோம் என்றும் உறுதி கொள்வோம். அதுவே அந்தப் பெரியவருக்கு நாம் செலுத்தும் நன்றி.

வாழ்க அவர் புகழ்! வளர்க தொழிற்கல்வி!